முன்னால் ஒருவர், பின்னால் எட்டுப் பேர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்திருப்பது 20 நிமிஷம். "உங்க கம்பெனியில தரக் கட்டுப்பாடு எப்படிப் பண்றீங்கன்னு பேசுங்களேன்" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் வாரத்துக்கு ஆறு நாள் நான் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் மைக்ரானைப் பற்றிப் பேசினால் வீட்டிலேயே எழுந்து போய்விடுவார்கள். அதனால் பாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நிகழ்ச்சி நிரல் எல்லார் கையிலும் இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள். 'மாலை 6.30: இன்னிசை (டிராக்)' என்று அச்சாகியிருக்கிறது. அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற ஒரு வார்த்தைதான் என் தலைப்பு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டில் குரலை மட்டும் எடுத்துவிட்டு, வாத்தியங்களை மட்டும் விட்டுவைத்த பதிவுக்கு டிராக் என்று பேர். பென் டிரைவில் வரும். செருகினால் போதும், மேலே நாம் பாடிக்கொள்ளலாம். ஒத்திகை வேண்டாம், டிரம்ஸ் தூக்க ஆள் வேண்டாம், செலவும் இல்லை. விழாக் குழுவின் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அந்தப் பென் டிரைவுக்குள் அடைபட்டுக் கிடக்கிற மனுஷங்க யாரு, அவங்க செய்யற வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன்.

நம் கல்லூரி லைட் மியூசிக் குழுவில் நான் ரிதம் கிட்டார். லீட் கிட்டார் வாசிக்கிறவனுக்குப் பேர் இருக்கும், லேடீஸ் ஹாஸ்டல் வரைக்கும் தெரியும். ரிதம் வாசிக்கிறவனுக்கு 'இன்னொரு கிட்டார்' என்று பேர். எனக்காவது அந்தப் பேர் இருந்தது. பேஸ் கிட்டார் வாசித்த நண்பன் பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வருவான், ஈ.சி.ஈ. மாணவன். அவனிடம் எங்கள் துறைத்தலைவர் சார் ஒருமுறை, "என்னப்பா, உன் கிட்டாருக்கு நாலு கம்பிதானா, மீதி ரெண்டு எங்கே?" என்று கேட்டார். அவன் என்னைக் காட்டி, "அவன்கிட்ட கொடுத்து வெச்சிருக்கேன் சார்" என்றான். சார் அதை நம்பினாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

2006-ல், நாங்கள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு ஆல்பம் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்தது. பேர் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. வாசித்தவர் கிட்டார் பிரசன்னா. நம்மைப் போல என்ஜினியர்களுக்கு இவர் கதை தெரிந்திருக்க வேண்டும். ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். நம் ஆவடி வழியாக அரக்கோணம் போகிற அதே ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் அவர் ஊர்ப்பக்கம். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். கர்நாடக சங்கீதத்தைத் திருவாரூர் பாலசுப்பிரமணியம் அவர்களிடமும் வயலின் மேதை ஏ. கன்யாகுமரி அவர்களிடமும் கற்றார். கப்பல் கட்டப் போகாமல் அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய்விட்டார். இளையராஜா, ரஹ்மான் இருவருக்கும் வாசித்த அனுபவமும் உண்டு.

அந்த ஆல்பம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்க கிட்டார்க் கலைஞருக்கு அஞ்சலி. ஹெண்ட்ரிக்ஸின் 1968 ஆல்பம் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்'. அதில் லேடியை எடுத்துவிட்டுப் பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டார் பிரசன்னா. உருப்படிகளின் பேரும் அப்படியே. ஒன்று 'பாட் பெல்லி ப்ளூஸ்', அதாவது தொப்பை ப்ளூஸ். இன்னொன்றில் திருவல்லிக்கேணியே வருகிறது, 'டார்க் சண்டே இன் ட்ரிப்ளிகேன்'. கிழமை இல்லை, ஐஸ்கிரீம் சண்டே. ஆனால் எங்களை உட்கார வைத்தது பேர் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் அத்தனை சத்தமாக அலறும்போது அதன் பின்னால் தவில், மிருதங்கம், கடம், கஞ்சிரா. கல்யாண வீட்டில் கேட்கிற தவிலும், அமெரிக்க ஸ்டேஜில் கேட்கிற கிட்டாரும் ஒரே இடத்தில் நின்று ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன.

பேஸ் நண்பன் அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "மச்சான், இவரு கிட்டாரை விடு, பின்னாடி இருக்கிறவங்களைக் கேளு. இவரு எங்க போனாலும் அவங்க ஏற்கெனவே அங்க நிக்கிறாங்கடா" என்றான். நான் இன்று பேசுவது அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இது புதுசு இல்லை. பக்கவாத்தியம் என்று அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. பின்வாத்தியம் என்று சொல்லவில்லை பாருங்கள். வித்வான் ஒரு சங்கதியைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கும் இடத்தில் வயலின் அதைத் திருப்பிச் சொல்கிறது. மிருதங்கக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எலெக்ட்ரிக் மாண்டலினைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த யு. ஸ்ரீனிவாஸ் 1969-ல் பிறந்து 2014-ல், 45 வயதில், மறைந்தார். அந்தப் பையன் மேடையேறிய காலத்தில் இரண்டு பக்கமும் பெரியவர்கள் உட்கார்ந்து தாங்கியதைப் பெரியவர்கள் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். பிரசன்னாவின் ஆல்பத்தைக் கேட்டு எங்களுக்குள் வந்த கேள்வி வேறு. அவர் வணங்குகிற அந்த மேல்நாட்டு கிட்டார்காரர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தது யார்?

அப்படிப் பின்னாலேயே போனபோது கிடைத்தவர்தான் ஆல்பர்ட் கிங். ஹெண்ட்ரிக்ஸே அண்ணாந்து பார்த்த ஆள். பிறந்தது 1923-ல், மிசிசிப்பி மாநிலத்தில். பருத்திக் காட்டில் வேலை செய்தவர், புல்டோசர் ஓட்டியவர். ஆறு அடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். 'வெல்வெட் புல்டோசர்' என்று பட்டப்பேர். கனரக வாகனத் தொழிற்சாலை பக்கம் வளர்ந்த ஆவடிப் பையன்களுக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் போகுமா?

அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். ஹெண்ட்ரிக்ஸும் இடதுகைதான், ஆனால் கம்பியை மாற்றிக் கட்டிக்கொள்வார். ஆல்பர்ட் கிங்குக்கு மெல்லிய கம்பி முகத்துக்குப் பக்கத்திலும் தடித்த கம்பி தரைப்பக்கமும் இருக்கும். எல்லோரும் கம்பியை மேலே தள்ளி ஸ்வரத்தை ஏற்றுவார்கள். இவர் கீழே இழுப்பார். கட்டை வண்டியின் கயிற்றை இழுக்கிற மாதிரி மொத்தக் கையின் பலமும் அதில் இறங்கும்.

என்ஜினியர்கள் கூடியிருக்கிற சபை, ஒரு கணக்குச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம், முதல் வருஷம் படித்தது. ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குக் கம்பியை இழுத்தே போக வேண்டுமென்றால் இழுவிசை ஏறக்குறைய 26 சதவீதம் கூட வேண்டும். சாதாரண காந்தாரம் வரை போக 41 சதவீதம். இதை ஒரு விரலால், ஸ்ருதி பிசகாமல், ஒரு நொடியில் போய்த் தொட வேண்டும். நம் வீணை வித்வான்கள் மெட்டின் மேல் கம்பியை இழுத்து கமகம் பிடிப்பதும் இதே கணக்குதான். ப்ளூஸ் கேட்டால் நமக்கு ஒட்டுதல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஸ்வரம் நேராக நிற்காமல் ஏங்கிக்கொண்டே போகிறது.

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு, பிறந்தது தெற்குப் பகுதியின் பருத்திக் காடுகளில். அதன் கட்டுமானம் எளிமை. நாலு தட்டு கொண்ட பகுதிகள் 12, மொத்தம் 48 தட்டு, மூன்று கார்டு. ஆதி தாளம் போட்டுப் பார்த்தால் சரியாக ஆறு ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று முடியும். திரும்பத் திரும்ப அதுவே வரும். சொல்ல வேண்டிய துயரத்தை அந்தச் சுற்றுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆல்பர்ட் கிங் வருஷக்கணக்கில் அலைந்தவர். ஆரம்பத்தில் ஜிம்மி ரீட் என்ற பாடகருக்கு டிரம்ஸ் வாசித்திருக்கிறார். கவனியுங்கள், பின்னால் உட்கார்ந்தவர்தான் பிறகு முன்னால் வந்தார். ஹெண்ட்ரிக்ஸும் அப்படியே, லிட்டில் ரிச்சர்டுக்குப் பின்னால் வாசித்தவர். கிங்குக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு, 1966-ல், மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் என்ற கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். 1966-க்கும் 1967-க்கும் இடையில் சில அமர்வுகளில் பதிவான பாட்டுகளைச் சேர்த்து 1967-ல் ஒரு ஆல்பம் வந்தது. 'பார்ன் அண்டர் எ பேட் சைன்'. கெட்ட நட்சத்திரத்தில் பிறந்தவன் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் ஒரு நட்சத்திரத்தைச் சொல்லிப் பெண் கொடுக்க மாட்டேன் என்பார்களே, அந்தச் சங்கதிதான். மொத்தம் 11 பாட்டு. தலைப்புப் பாட்டை எழுதியவர்கள் வில்லியம் பெல், புக்கர் டி. ஜோன்ஸ் என்ற இரண்டு பேர்.

அந்த ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். ஜிம் ஸ்டூவர்ட் என்ற வங்கி ஊழியரும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் அதை வாடகைக்குப் பிடித்தார்கள். இருவர் பேரிலும் முதல் இரண்டிரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஸ்டாக்ஸ். நாற்காலிகளைப் பிடுங்கினார்கள், ஆனால் தியேட்டருக்கே உரிய சரிவான தரையைச் சமப்படுத்தவில்லை. அப்படியே சரிவில் வாத்தியங்களை வைத்துப் பதிவு செய்தார்கள். தின்பண்டம் விற்ற இடத்தில் அக்கா ரெக்கார்டுக் கடை போட்டார். நம்ம பக்கத்தில் மூடிய தியேட்டர் எல்லாம் கல்யாண மண்டபமாகிறது. அங்கே ஒன்று ஸ்டூடியோ ஆகியிருக்கிறது.

அங்கே மாதச் சம்பளக்காரர்கள் மாதிரி தினமும் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பேரைத்தான் நான் இன்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆர்கனும் பியானோவும் புக்கர் டி. ஜோன்ஸ். ரிதம் கிட்டார் ஸ்டீவ் க்ராப்பர். பேஸ் டொனால்ட் டன், எல்லோரும் 'டக்' டன் என்பார்கள். டிரம்ஸ் அல் ஜாக்சன் ஜூனியர். இன்னொரு பியானோ ஐசக் ஹேய்ஸ், பின்னாளில் தானே பெரிய நட்சத்திரமானவர். டிரம்பெட் வேய்ன் ஜாக்சன். சாக்ஸபோன் ஆண்ட்ரூ லவ். இன்னொரு சாக்ஸபோனும் புல்லாங்குழலும் ஜோ ஆர்னால்ட். எட்டுப் பேர் ஆயிற்று.

புக்கர் டி. 'க்ரீன் ஆனியன்ஸ்' என்ற பாட்டில்லாத இசையை 1962-ல் பதிவு செய்து ஊரையே ஆட வைத்தபோது அவருக்கு 17 வயது. அதன் பிறகும் வார நாட்களில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, வாரக் கடைசியில் மெம்ஃபிஸுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்து வாசித்திருக்கிறார். அட்டெண்டன்ஸ் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. (சிரிப்பு)

அந்த எட்டுப் பேரில் கறுப்பர்களும் உண்டு, வெள்ளையர்களும் உண்டு. க்ராப்பரும் டன்னும் வெள்ளையர், புக்கர் டி.யும் அல் ஜாக்சனும் கறுப்பர். சட்டம் 1964-ல் மாறிவிட்டாலும் அமெரிக்கத் தெற்கில் ஊர் மாறாத காலம் அது. எல்லோரும் சேர்ந்து உட்காரக்கூடிய இடங்களில் ஒன்று லொரெய்ன் மோட்டல் என்ற விடுதி. எடி ஃப்ளாய்டும் க்ராப்பரும் அங்கே உட்கார்ந்து பாட்டு எழுதியிருக்கிறார்கள். 1968 ஏப்ரல் 4-ந் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அதே விடுதியில். இந்த ஆல்பம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு காவிய சோகத்தைச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே அப்படி இருந்த ஊரில், உள்ளே அந்தச் சரிவுத் தரையில் எட்டுப் பேர் ஒரே தாளத்தில் நின்றார்கள் என்பதைச் சொல்லத்தான்.

சரி, அவர்கள் என்ன வாசித்தார்கள்? போய்க் கேட்டுப் பாருங்கள். தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே கீழ்ஸ்தாயியில் ஒரு சின்ன வரி வரும். பேஸும் கிட்டாரும் அதே வரியைச் சேர்ந்து வாசிக்கும். பாட்டு முடிகிற வரை அது திரும்பத் திரும்ப வருகிறது. டக் டன் அதை அலங்கரிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த எந்தக் கல்லூரி பேஸ் கிட்டார்காரனாலும் மூன்று நிமிஷம் அப்படிச் சும்மா இருக்க முடியாது, நடுவில் எங்காவது ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டிவிடுவான். 'க்ராஸ்கட் சா' என்ற பாட்டில் அல் ஜாக்சனின் டிரம்ஸைக் கேளுங்கள். அது வழக்கமான ப்ளூஸ் நடையே கிடையாது, கொஞ்சம் லத்தீன் அமெரிக்க ஆட்டத்தின் வாடை. ஒரு பழைய பாட்டை அந்த நடை புதுசாக்கிவிட்டது. 'ஆஸ் தி இயர்ஸ் கோ பாஸிங் பை' மெதுவான பாட்டு. அதில் பியானோ ஒரு ஓரமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். க்ராப்பரின் ரிதம் கிட்டார் இருப்பதே தெரியாது. எடுத்துவிட்டால் தெரியும்.

இப்போது ஆல்பர்ட் கிங்கைக் கேளுங்கள். அவர் வாசிப்பது ரொம்பக் குறைவு. அவரிடம் இருப்பது ஒரு பிடி சொற்கட்டுகள்தான், அவற்றைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறார். ஒரு ஸ்வரத்தை இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார். அந்த நிறுத்தத்தில்தான் கேட்கிறவன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்படி நிறுத்துகிற தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? பின்னால் எட்டுப் பேர் அசையாமல் நிற்கிறார்கள் என்ற தெம்பு. அவர் விட்ட இடத்தை ஹாரன்காரர்கள் ஒரு ஊதல் ஊதி நிரப்பிவிட்டு உடனே விலகிவிடுகிறார்கள். அவசரமாக எதையாவது வாசித்துக் காலியிடத்தை அடைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

லேத் ஓட்டினவங்களுக்கு இது டக்குனு புரியும். எவ்வளவு விலை உயர்ந்த டூல் போட்டாலும் சரி, பெட் ஆடினால், ஜாபைச் சரியாகப் பிடிக்காவிட்டால், மேற்பரப்பில் அலை அலையாகச் சேட்டர் விழும். பார்க்கிறவன் டூலைக் குறை சொல்வான். அனுபவப்பட்ட டர்னர் குனிந்து போல்ட்டைப் பார்ப்பார். பளபளவென்று பினிஷ் வந்தாலும் அப்படித்தான், எல்லோரும் டூலைப் பாராட்டுவார்கள். பெட்டைப் பாராட்டினவனை என் 14 வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

அந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான் இங்கிலாந்துப் பையன்கள் கிட்டார் வாசிக்கக் கற்றார்கள். எரிக் கிளாப்டனின் க்ரீம் குழு 1968-ல் தலைப்புப் பாட்டையே எடுத்து வாசித்தது. அதற்கு முன்பே 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ' என்ற பாட்டில் கிளாப்டன் வாசித்த சோலோ, இந்த ஆல்பத்தின 'ஓ, ப்ரெட்டி உமன்' பாட்டிலிருந்து வந்தது. ஆல்பர்ட் கிங் 1992 டிசம்பரில் காலமானார். அல் ஜாக்சன் 1975-ல் சுட்டுக் கொல்லப்பட்டார், அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. டக் டன் 2012-ல் டோக்கியோவில் கச்சேரி வாசித்துவிட்டுத் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பழைய ஸ்டாக்ஸ் கட்டிடத்தை 1989-ல் இடித்துவிட்டார்கள். பிறகு அதே இடத்தில் 2003-ல் அருங்காட்சியகம் கட்டினார்கள்.

நம் பக்கம் வருவோம். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை முணுமுணுக்காதவர் இந்த ஹாலில் யாரும் இருக்க முடியாது. ராஜா சார் பேர் தெரியும், எஸ்.பி.பி. சார் பேர் தெரியும், வைரமுத்து பேர் தெரியும். அந்த கிட்டாரை வாசித்தவர் பேர் சந்திரசேகர். எத்தனை பேருக்குத் தெரியும், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (நாலு கைகள்.) ராஜா சாருக்கு வருஷக்கணக்கில் பேஸ் வாசித்தவர் சசிதரன், கிட்டார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் நெப்போலியன், வயலின் வி.எஸ். நரசிம்மன். நரசிம்மன் அவர்களின் வயலினை முன்னால் நிறுத்தி 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்று ஒரு தனி ஆல்பமே செய்தார் ராஜா சார். ஆனால் நம் வீட்டில் இருந்த சினிமா கேசட்டுகளின் உறையில் இந்தப் பேர்களைத் தேடினாலும் கிடைக்காது. ரஹ்மான் ஆல்பங்கள் வந்த பிறகுதான் வாசித்தவர்கள் பேரையும் உறையில் போடுகிற பழக்கம் நன்றாகப் பரவியது. பேஸ் கீத் பீட்டர்ஸ், புல்லாங்குழல் நவீன் என்று பொடி எழுத்தில் படித்துத்தான் எங்கள் தலைமுறை தெரிந்துகொண்டது. எங்கள் பேஸ் நண்பன் அந்த உறைகளைக் கோயில் பிரசாதம் மாதிரி பர்ஸில் மடித்து வைத்திருப்பான்.

அவனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டு, பேர் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு சொல்கிறேன். படிப்பு முடிந்து பகலில் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ், ராத்திரி மெல்லிசைக் குழுவில் பேஸ். நம் பக்கத்தில் ஆடி மாதம் என்றால் உங்களுக்கே தெரியும். அம்பத்தூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம், பூந்தமல்லி, எந்தத் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் ராத்திரி ஒரு கச்சேரி. மூங்கில் கட்டிய மேடை, ட்யூப் லைட், ஒரு பக்கம் டிரம்ஸ், ஒரு பக்கம் தபேலா. ஆடி முழுக்க அவன் தூங்கின நாள் குறைவு. அந்தக் காசில்தான் தங்கச்சிக்குக் கம்மல் எடுத்தான். பிறகு டிராக் வந்தது. முதலில் தபேலா நின்றது, அப்புறம் பேஸ், அப்புறம் ரிதம். கடைசியில் மேடையில் ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கச்சேரியே இல்லாமல் போயிற்று. அந்த வருஷம் அவன் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டான். வாங்கினவன் அதைச் சுவரில் மாட்டி போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறான். நண்பன் அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினான். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

டிராக் மேல எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. வீட்டில் தனியாகப் பழக அது நல்ல சாதனம். என் பெண்ணே அதை வைத்துத்தான் பாடுகிறாள். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, நாம் பாடுவதை அது கேட்காது. நீங்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரியை இழுத்தால் அது காத்திருக்காது. பல்லவியை மறந்து முழித்தால் இன்னொரு சுற்று வாசித்துக் காப்பாற்றாது. 2008 கல்ச்சுரல்ஸில் எங்கள் பாடகிக்கு நடுப்பாட்டில் தொண்டை கட்டிக்கொண்டது. டிரம்ஸ்காரன் கண்ணைக் காட்டினான், பேஸ் கீழே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது, நான் கார்டை மெதுவாக்கினேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டாள். கீழே இருந்தவர்கள் அதைப் புது அரேஞ்ச்மென்ட் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அந்த அம்மா மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது படிக்கிற தம்பிகளிடம் இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் காலத்தைவிட நல்ல கிட்டார் வைத்திருக்கிறார்கள், நன்றாகவும் வாசிக்கிறார்கள். ஹாஸ்டல் ரூமில் தனித்தனியாக ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு டிராக்கோடு வாசிக்கிறார்கள். ஒரே மாடியில் ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு கஹோன் பெட்டி. மூன்று பேரும் ஒருமுறைகூடச் சேர்ந்து வாசித்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "இடம் இல்லண்ணா" என்றான் ஒருவன். இன்னொருவன், "பேஸ் வாசிக்க யாரும் வர மாட்டேங்கறாங்கண்ணா, எல்லாருக்கும் லீட்தான் வேணும்" என்றான். அது எங்கள் காலத்திலும் இருந்த வியாதி.

இடம் இருக்கிறது. பழைய மெக்கானிக்கல் பிளாக் மாடியில், டிராயிங் ஹாலுக்கு அடுத்த மியூசிக் ரூம் இப்போது உடைந்த டிராயிங் போர்டு போடும் அறையாக இருக்கிறது. முதல்வர் சாரிடம் சாவி கேட்டேன், அவரும் பெருந்தன்மையோடு கொடுத்தார். நேற்று நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். டிரம்ஸில் இரண்டு தோல் கிழிந்திருக்கிறது. கல்லூரி பேஸ் கிட்டார் இருக்கிறது, கழுத்து கொஞ்சம் வளைந்திருந்தது. டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்துவிட்டோம். பேஸ் ஆம்ப்ளிஃபையரில் ஒரு கெபாசிட்டர் போயிருந்தது, ஈ.சி.ஈ. துறை லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ராத்திரியே மாற்றிக் கொடுத்தார்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்த அறையை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும், வாரத்தில் மூன்று சாயங்காலம் போதும். மலரில் கச்சேரி போட்டோ போடும்போது பாடினவர் பேரோடு பின்னால் வாசித்தவர்கள் பேரையும் போட வேண்டும், பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. தோல் மாற்றும் செலவை 2009 மெக்கானிக்கல் ஏற்றுக்கொள்கிறது. இதை நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். (சிரிப்பு, கைதட்டல்)

இன்றைக்கு மாலை 6.30 நிகழ்ச்சியில் பத்துப் பாட்டு டிராக்கில்தான் நடக்கும், அதில் மாற்றம் இல்லை. செயலாளர் அண்ணன் கடைசியில் இரண்டு பாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். ரிதம் நான். டிரம்ஸுக்கு 2011 சிவில் தம்பி வந்திருக்கிறார். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் இப்போதைய மாணவர்கள். பேஸுக்கு என் நண்பன் முதல் ஷிஃப்ட் முடிந்து ஆவடியிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் பண்ணினான். ஒத்திகை 4 மணிக்கு, அதே மாடி அறையில். யாரிடமாவது நீளமான கிட்டார் ஒயர் இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள், எங்களிடம் இருப்பது ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் எட்டவில்லை.